முனிரத்தினம் தெலுங்கில் பதில் சொன்ன நாள்

போன மாதம் ரேவதி போன் செய்தாள். பல்கலைக்கழக ஆவணப் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது என் மேஜைச் சாவியை வாங்கிக்கொண்டவள் அவள். இப்போது அங்கே அவள்தான் சூப்பரிண்டெண்ட். எடுத்தவுடனே குரல் சரியில்லை.

“சார், ஒரு டிபார்ட்மெண்ட்ல கிளார்க் ஒருத்தரு மொத்த பேட்ச் லிஸ்டையும் பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாரு. மார்க்கு, போன் நம்பரு, ஜாதி, அப்பா வருமானம் எல்லாம் அதுல இருக்குது. கேட்டா டெலிட் பண்ணிட்டேன்றாரு.”

“குரூப்பில் எத்தனை பேர்?”

“இருநூத்திப் பதினாறு சார்.”

அன்று முழுக்க அந்த எண் என்னை விடவில்லை. எதையும் எண்ணாமல் எனக்கு இருக்க முடியாது. சமையலறையில் கேஸ் வால்வை மூடிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பவன் நான். “நாலாவது தடவையும் தொட்டுட்டு வாங்களேன், அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு” என்பாள் என் மனைவி.

ரேவதிக்கு நான் வந்து பேச வேண்டுமாம். புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்குப் பழைய நடைமுறைகளைச் சொல்ல வேண்டுமாம். எனக்கோ பேசினால் மூச்சு வாங்குகிறது. சொல்ல வந்ததும் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் பிச்சாட்டூர் பக்கத்துக்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. பி.காம். முடித்துத் தேர்வு எழுதி, சித்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சில வருடங்கள் தட்டச்சு செய்து, பிறகு திருப்பதிக்கு மாற்றலாகி வந்தேன். அந்த வருடங்களில் நான் கற்றது கொஞ்சம்தான். ஃபைலை எடுத்தால் அந்த இடத்தில் எடுத்தவர் பெயர் எழுதிய அட்டையைச் செருகி வைக்க வேண்டும், மதிப்பெண் பட்டியலில் பேனாவால் திருத்தக் கூடாது, ஈரக் கையோடு ஆவண அறைக்குள் போகக் கூடாது. மற்றதெல்லாம் விசாலாட்சம்மா வந்த பிறகு கற்றதுதான்.

விசாலாட்சம்மா எங்கள் உதவிப் பதிவாளர். கடப்பாப் பக்கம். தமிழ் முழுக்கப் புரியும், பேசுவது தெலுங்குதான். இங்கே அவர் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வந்த முதல் வாரத்தில் எங்கள் மேஜைகளுக்குப் பக்கத்தில் கிடந்த விருந்தாளி நாற்காலிகளையெல்லாம் வராந்தாவுக்கு மாற்றச் சொன்னார். பக்கத்தில் உட்கார்கிறவர் கண் மேஜைமேல்தான் போகும் என்பது காரணம். மதியம் நாங்கள் சாப்பிடப் போன பிறகு தனியாக ஒரு சுற்று வருவார். எந்த மேஜையிலாவது ஒரு மாணவரின் தாள் எழுத்து தெரியும்படி கிடந்தால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் சாப்பிட்டு வந்து கவிழ்ந்து கிடக்கும் தாள்களை எண்ணுவேன். முதல் நாள் ஏழு. அந்த ஏழும் என்னைச் சுட்ட மாதிரி வேறு எந்த மெமோவும் சுட்டதில்லை. ஒரு மாதத்தில் அது பூஜ்யத்துக்கு வந்தது.

உதவித்தொகைப் பட்டியல் விஷயத்தையும் சொல்ல வேண்டும். வேறொரு பிரிவு அதைத் தயாரித்து எங்கள் வராந்தாப் பலகையில் ஒட்டியிருந்தது. பதிவு எண், பெயர், ஜாதி, தகப்பனார் தொழில், வருமானம், கடைசியில் கிடைத்ததா இல்லையா. காலையிலிருந்து கூட்டம். ஒரு பையன் மட்டும் பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான். “நவுறுப்பா, பாக்கணும்” என்று மற்றவர்கள் தள்ளினார்கள். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். வகுப்பு மணி அடித்தும் நகரவில்லை. அந்த வழியாக வந்த விசாலாட்சம்மா அவனைப் பார்த்தார், அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த தாளைப் பார்த்தார். நேராக என் மேஜைக்கு வந்து கத்தரிக்கோல் கேட்டார். பட்டியலைக் கழற்றி, நடுவில் இருந்த மூன்று பத்திகளையும் பெயர்ப் பத்தியையும் நீளவாக்கில் வெட்டினார். பதிவு எண்ணும், கிடைத்ததா இல்லையா என்பதும் மட்டும் மிஞ்சின. இரண்டையும் சேர்த்து ஒட்டித் திரும்ப மாட்டச் சொன்னார்.

“இதில் எத்தனை பேர்?” என்று வெட்டிய துண்டுகளை என்னிடம் நீட்டினார். எண்ணிச் சொன்னேன். நூற்று நாற்பத்து மூன்று.

“அத்தனை பேருடைய அப்பா என்ன வேலை செய்கிறார் என்று காலையிலிருந்து நாம் தெருவில் நின்று கத்தியிருக்கிறோம்” என்றார்.

அந்தப் பையன் அதற்குப் பிறகுதான் வகுப்புக்குப் போனான்.

இப்போது முனிரத்தினம். எங்கள் பிரிவின் கவுண்டரில் உட்கார்ந்தவர். நகரிக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், நல்ல மனிதர். அவர் மேஜையில் எந்நேரமும் வேர்க்கடலை இருக்கும். நகரி, புத்தூர், பிச்சாட்டூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழர்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தால் எந்தக் கவுண்டரில் கூட்டம் இல்லையோ அங்கே போகமாட்டார்கள். முனிரத்தினம் கவுண்டரைத் தேடி வருவார்கள். மற்ற இடத்தில் தெலுங்கில் தடுமாறியவர்கள் அங்கே வந்ததும் மூச்சு விடுவார்கள். “இன்னா மாமா, பஸ்ஸு கெடச்சுதா? எதுனா துன்னியா?” என்றுதான் அவர் ஆரம்பிப்பார்.

கவுண்டரில் விசாலாட்சம்மா ஏற்படுத்திய நடைமுறை ஒன்று இருந்தது. ஒரு மாணவரைப் பற்றி வேறு யார் வந்து கேட்டாலும், தகப்பனாரே ஆனாலும், மாணவரின் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லையென்றால் ஒரே பதில். “இக்கட செப்பே வீலு லேதண்டி. ஸ்டூடெண்ட் வச்சி அடகாலி.” இங்கே சொல்ல வழியில்லை, மாணவரே வந்து கேட்க வேண்டும். முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. யாராவது இப்படிக் கேட்டுப் போனால், கேட்டார்கள் என்பதை அந்த மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசினால் பையனின் தாய்மாமன் விசாரிக்கப் புறப்படுவது வழக்கம். பெண்ணின் ஊர், பள்ளிக்கூடம், கல்லூரி, வைத்தியம் பார்க்கும் டாக்டர் என்று ஒன்று விடாமல் போவார். அப்படி ஒருவர் ஒரு திங்கட்கிழமை வந்தார். பிச்சாட்டூர் அணைப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கூட ஒரு ஆள். பெண்ணுக்கு இங்கே செல்வி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். எங்களிடம் எம்.எஸ்சி. முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

“எங்க பையனுக்குப் பேசிக்கினு கீறோம்பா. பொண்ணு படிப்பெல்லாம் நெசந்தான். ஆனா கூடச் சேந்ததுங்க எல்லாம் முடிச்சி ஒரு வருசம் கழிச்சி இது முடிச்சிகீது. நடுவுல அந்த ஒரு வருசம் எங்க இருந்துது, இன்னா ஆச்சி? அது மட்டும் சொல்லிடுப்பா.”

முனிரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இக்கட செப்பே வீலு லேதண்டி...” என்று முழுவதையும் சொன்னார்.

“இன்னாபா, எங்கிட்டயே தெலுங்கா?”

முனிரத்தினம் மறுபடியும் அதையே சொன்னார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நடைமுறைப்படி எல்லாம் சரி. எனக்கும் திருப்திதான்.

பதினோரு மணிக்கு டீ குடிக்க வெளியே போனேன். டீக்கடை பெஞ்சில் அந்த இரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“அவ்ளோதான், இந்த எடம் வாணாம்” என்றார் மாமன். “ஏதோ கீது.”

“அவருதான் ஒண்ணும் சொல்லலையே?”

“தெலுங்குல சொன்னாரே, கேக்கலியா? போன வருசம் நம்ம சுப்பிரமணி விசாரிக்க வந்தப்போ இதே ஆளு, ‘தங்கமான பொண்ணு மாமா, கண்ண மூடிக்கினு கட்டு’ன்னு தமிழ்ல சொன்னாரு. பாலையான் பொண்ணுக்கு வந்தப்போ தெலுங்குல சொன்னாரு, அப்புறம் விசாரிச்சா ரெண்டு பேப்பரு பெயிலு. ஊரு முழுக்கத் தெரியும்பா இது. தமிழ்ல பேசினா நல்லது, தெலுங்குல பேசினா வில்லங்கம்.”

டீ என் கையில் ஆறிப்போனது. மாமன் கெட்டவர் இல்லை. அடுத்து அவர் சொன்னதையும் எழுத வேண்டும்: “எம் பெரிய பொண்ணுக்கு விசாரிக்காம குடுத்துட்டு, இப்ப அது வூட்ல வந்து குந்திக்கினு கீது. ஒருவாட்டி போதும்டா சாமி. நாளைக்கு நம்ம பையன் பட்டம் ரெடியான்னு கேக்க வரணும். அப்போ இன்னொருவாட்டி கேட்டுப் பாக்கறேன். அப்பவும் தெலுங்குன்னா, அங்கருந்து நேரா தரகருக்குப் போன் போட்டு வாணாம்னு சொல்லிட வேண்டியதுதான்.”

அவர்கள் பையனும் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் படித்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். செல்வியின் ஃபைலில் நடுவில் விட்டுப்போன அந்த ஒரு வருடத்துக்கான காரணம் இருந்தது. அந்தத் தாளை வாங்கி வைத்தவன் நான், எனக்குத் தெரியும். அது தப்பான விஷயம் இல்லை என்று இங்கே எழுதக் கை துறுதுறுக்கிறது. அதையும் எழுதக் கூடாது. அதை எழுதினால் நானும் முனிரத்தினம் செய்ததையே செய்கிறேன்.

விசாலாட்சம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்.

“நல்லதச் சொன்னா இன்னா மேடம் தப்பு?” என்றார் முனிரத்தினம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மாந்தூரத்துலருந்து வராங்க. ஒரு பொண்ணு நல்லாப் படிச்சிருந்தா, நல்லாப் படிச்சுதுன்னு ஒரு வார்த்த. அதுல யாருக்கு நஷ்டம்? கெட்டத நான் ஒரு நாளும் சொன்னதில்ல.”

“பத்துப் பேருக்கு நல்லது சொன்னீர்கள். பதினோராவது ஆளுக்கு வாயை மூடிக்கொண்டீர்கள். அந்தப் பதினோராவது பெண்ணைப் பற்றி நீங்கள் என்ன சொன்னதாக ஆயிற்று?” என்று கேட்டார் விசாலாட்சம்மா.

முனிரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்தாளி நாற்காலி இல்லாத அந்த அறையில் நின்றபடியே இருந்தார்.

விசாலாட்சம்மா செல்வியின் ஃபைலை வாங்கி, முதல் பக்கத்தில் இருந்த எண்ணுக்குத் தானே போன் செய்தார். யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம், அதை அந்த மாமன் எப்படி எடுத்துக்கொண்டார், நாளை மறுபடி வருகிறார் என்பதெல்லாம் செல்வியிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எங்கள் தவறு என்றும் சொன்னார்.

மறுநாள் அலுவலகம் திறக்கும்போதே செல்வி வராந்தாவில் இருந்தாள். புத்தூரிலிருந்து முதல் பஸ். தனியாக வந்திருந்தாள். அழுவாள் என்று பயந்தேன். கோபமாக இருந்தாள்.

“நான் மறைக்கணும்னு இல்ல மேடம். ஞாயித்துக்கெழம மாப்ள என்னப் பாக்க வராரு, நானே சொல்லலாம்னு இருந்தேன். எப்பிடி ஆரம்பிக்கறது, எத மொதல்ல சொல்றதுன்னு மனசுல போட்டுக்கினே இருந்தேன். அதுக்குள்ள அவரு மாமா வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டாரு. நான் வாயத் தொறந்து சொல்றதும், அவுங்களா தோண்டி எடுக்கறதும் ஒண்ணா?”

“இரண்டும் ஒன்றல்ல” என்றார் விசாலாட்சம்மா.

“ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் கேக்கறேன். அதுக்கப்புறம் அவரு வாணாம்னு சொன்னா பரவால்ல. அவரு சொல்லட்டும். இந்த கவுண்டரு சொல்லக் கூடாது.”

எனக்குப் பதற்றம். வழி எங்கே இருக்கிறது? மாமன் வந்ததும் “ஒன்றும் இல்லை” என்று தமிழில் சொல்லிவிட்டால் செல்வி தப்பிப்பாள். ஆனால் அதுவும் ஃபைலைத் திறந்து காட்டுவதுதான். நாளைக்கு இன்னொரு பெண்ணுக்குத் தெலுங்கு வந்தால் அவள் கதி என்ன? இதை நான் விசாலாட்சம்மாவிடம் சொன்னபோது வார்த்தைகள் முன்னுக்குப் பின்னாக வந்தன. அவர் முனிரத்தினத்திடம் மட்டும் பேசினார்.

“இன்றிலிருந்து எல்லோருக்கும் அந்த ஒரு வாக்கியம்தான். ஒரே மொழியில். முதல் மதிப்பெண் வாங்கியவரைப் பற்றிக் கேட்டாலும் அதுதான், கேட்பவர் தகப்பனாரே ஆனாலும் அதுதான். மாமா, சித்தி என்று உபசரிப்பதை நான் தடுக்கவில்லை. ஆனால் இன்னொருவரைப் பற்றிக் கேட்டால் அந்த வாக்கியம்.”

“இது நாடகம் மாதிரி ஆகாதா மேடம்?” என்றேன் நான்.

“நம் நடைமுறை எப்போதும் இதுதான். இன்றைக்குத்தான் அதன்படி நடக்கப் போகிறோம்” என்றார்.

செல்வியைத் தன் அறையிலேயே உட்காரச் சொன்னார். அவளுக்காக வராந்தாவிலிருந்து ஒரு நாற்காலி உள்ளே வந்தது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

மாமன் பத்தரைக்கு வந்தார். அவருக்கு முன்னால் வரிசையில் எட்டுப் பேர். அதில் ஐந்து பேர் நம் பக்கத்தார். முதலில் ஒரு சத்தியவேட்டு அம்மாள். மகன் பாஸா என்று கேட்டாள். அவன் அந்த வருடம் துறையிலேயே முதல். முனிரத்தினத்துக்கு அது தெரியும். முந்தின வாரம் அவரே எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இப்போது தொண்டையைச் செருமினார்.

“இக்கட செப்பே வீலு லேதண்டி. ஸ்டூடெண்ட் வச்சி அடகாலி.”

“இன்னா முனிரத்தினம், தமிழ முழுங்கிட்டியா?” என்றாள் அம்மாள். “வேர்க்கடல மட்டும் நம்மூர்லருந்து வோணும், பேச்சு வாணாமா? பெரிய மனுசன் ஆயிட்டாருடியம்மா!”

வரிசையில் சிரிப்பு. முனிரத்தினத்தின் பின்கழுத்து வியர்த்ததை நான் பார்த்தேன். அடுத்தவருக்கும் தெலுங்கு. அதற்கடுத்தவருக்கும். ஒருவர் “தூ” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கவுண்டரில் பல வருடங்களாகச் சேர்த்த பிரியம் எல்லாம் அரை மணி நேரத்தில் கரைந்துகொண்டிருந்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பி எங்களைப் பார்க்கவில்லை.

மாமன் முறை வந்தது. முதலில் தங்கள் பையனைப் பற்றிக் கேட்டார்.

“எங்க பையன் பட்டம் ரெடியாபா? பேரு, நம்பரு எல்லாம் இதுல எழுதிக்கினு வந்துகீறேன்.”

“பையன் லெட்டர் குடுத்தாரா மாமா?”

“லெட்டரு எதுக்கு? நான் தாய்மாமன்.”

“இக்கட செப்பே வீலு லேதண்டி...”

மாமன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். “யோவ், எங்க பையன்யா! நான் தூக்கி வளத்த பையன். அவனுக்கு ஏன் தெலுங்குல சொல்ற?” முகம் மாறிவிட்டது. “அவன் இன்னா பண்ணான்? எதுனா அரியர் கிரியர் வெச்சிகீறானா? எங்ககிட்ட பாஸுன்னானே!”

“ஸ்டூடெண்ட் வச்சி அடகாலி” என்றார் முனிரத்தினம்.

கூட வந்தவர் மாமனின் கையைப் பிடித்தார். “அண்ணா, இரு. காலைலருந்து எல்லாருக்கும் அதத்தான் சொல்றாரு. அந்த அம்மாவுக்கும் அதான், அந்தப் பெரியவருக்கும் அதான்.”

மாமன் நின்று யோசித்தார். வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அடுத்து வந்த மூன்று தமிழர்களுக்கும் என்ன பதில் கிடைக்கிறது என்று கவனித்தார். நானும் உள்ளேயிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து கவுண்டரின் கம்பி வலைக்கு அருகில் வந்தார்.

“அப்போ நேத்து அந்தப் பொண்ணுக்குச் சொன்னதும் இதேதானா? அதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லியா?”

முனிரத்தினம் அவர் கண்ணைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் “இல்லை மாமா” என்று சொல்லியிருக்கலாம். உள்ளே செல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

“இக்கட செப்பே வீலு லேதண்டி” என்றார் முனிரத்தினம்.

மாமன் சிரித்துவிட்டார். பாதி எரிச்சல், பாதி நிம்மதி. “செவுத்தாண்ட விசாரிக்கறதும் ஒண்ணு, இங்க விசாரிக்கறதும் ஒண்ணு” என்று கூட வந்தவரிடம் சொன்னார். “வா போலாம். ஞாயித்துக்கெழம அவனே போய் அந்தப் பொண்ணக் கேக்கட்டும். வாழப் போறது அதுங்க ரெண்டும். மொதல்ல இவன் அரியர் வெச்சிகீறானான்னு நான் வூட்டுக்குப் போய்க் கேக்கணும்.”

அந்தப் பையன் ஃபைலில் என்ன இருந்தது என்று ரேவதியின் ஆறு பேரும் கேட்பார்கள். கேட்கட்டும்.

செல்வி போகும்போது கவுண்டர் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். முனிரத்தினம் வேர்க்கடலைப் பொட்டலத்தை வலைக்கு அடியில் தள்ளினார். “பஸ்ஸுல துன்னும்மா” என்றார், தமிழில்.

அவர் ஓய்வு பெறும்வரை அந்த வாக்கியத்தை மாற்றவில்லை. நம் பக்கத்தார் மெல்ல மெல்ல மற்ற கவுண்டர்களுக்கும் போகப் பழகிக்கொண்டார்கள். அது அவருக்கு வருத்தம்தான். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்த நாளிலிருந்து நான்கு மாதம் கழித்து செல்வி மறுபடி வந்தாள். வெளியூர் வேலைக்காக அவளுடைய பழைய தாள்களின் நகல் வேண்டியிருந்தது. கழுத்தில் புதுத் தாலிக் கயிறு, மஞ்சள் இன்னும் மங்கவில்லை. கூட வந்த கணவர், அந்த மாமன் தூக்கி வளர்த்த பையன்தான், கவுண்டருக்கு வெளியே, தூணருகில் நின்றுகொண்டார். முனிரத்தினம் அவளை உள்ளே அனுப்பினார். அவளே கேட்க வந்தவள், கடிதம் தேவையில்லை. ஃபைலை என் மேஜையில் வைத்தேன். நடுவில் விட்டுப்போன அந்த வருடத்தின் தாள்தான் மேலே வரும் என்று தெரியும், ஆகையால் அதை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தேன்.

செல்வி அதைப் பார்த்தாள். தூண் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, உள்ள வாங்க. சார், அவரும் பாக்கலாம். எழுதிக் குடுக்கணும்னா எழுதிக் குடுக்கறேன்.”

தாள் கொடுத்தேன். ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் வந்து அவள் பக்கத்தில் நின்றார். கவிழ்ந்து கிடந்த தாளை அவளே திருப்பினாள். இரண்டு பேரும் குனிந்து படிக்க ஆரம்பித்தார்கள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கம்பிகளை எண்ணினேன். பதினொன்று. அவர்கள் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன்.